ஹைட்ராஞ்சியா வரையறதுல வர்ற சந்தேகங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அக்ரிலிக் பெயிண்ட்ல ஹைட்ராஞ்சியா பூக்கொத்து, அதான் குட்டிக் குட்டி பூவெல்லாம் சேந்து உருண்டையா பூக்குமே அந்தக் கொத்து, வரையறதப் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தோம், அதுக்கு வந்த கேள்வி கொஞ்ச நஞ்சமில்ல. வரைஞ்சு ஃபோட்டோவும் நிறைய பேர் அனுப்பியிருந்தீங்க, ஒவ்வொண்ணையும் பெருசு பண்ணி உக்காந்து பாத்தேன், ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி கேள்விகள ஒண்ணா சேத்துட்டேன், அதனால உங்க கேள்வி வார்த்தைக்கு வார்த்தை இல்லன்னாலும் பதில் உள்ள இருக்கும்.

அக்கா, எம்டிஎஃப் (மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை) ட்ரேல ஹைட்ராஞ்சியா வரைஞ்சேன். நாலு நாலு இதழா பொறுமையா நெறைய பூ போட்டேன், ஒரு பூ கூட தப்பில்ல, ஆனா மொத்தமா பாத்தா காலிஃப்ளவர் மாதிரி இருக்குன்னு வீட்டுக்காரர் சொல்றார். எங்க தப்பு? (ஈரோடு வாசகி)

உங்க ஃபோட்டோ பாத்தேன்மா, ஒவ்வொரு பூவும் நிஜமாவே அழகா இருக்கு, கை நல்லா ஓடுது உங்களுக்கு. பிரச்சினை பூவுல இல்ல, வரிசையில. நீங்க மொதல்லயே பூவ போட ஆரம்பிச்சுட்டீங்க, எல்லா பூவும் ஒரே சைஸ், ஒரே நீலம், எல்லாமே நேரா நம்மளயே பாக்குது. ஹைட்ராஞ்சியாங்கறது ஒரு உருண்டை, அந்த உருண்டைக்கு வெளிச்சம் படுற பக்கம் ஒண்ணு, நிழல் பக்கம் ஒண்ணு, அத மொதல்ல போட்டாதான் மேல எந்த பூவ வெச்சாலும் நிக்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டா மிச்சமெல்லாம் சுலபம், இன்னைக்கு வந்த பாதி கேள்விக்கும் இதுதான் பதில்.

எப்படின்னா, மொதல்ல வெளிச்சம் எந்த பக்கம்னு முடிவு பண்ணுங்க. மேல இடது பக்கம்னு வெச்சுக்கலாம். சாக்பீஸ்ல லேசா ஒரு வட்டம் போடுங்க, காம்பஸ் வெச்ச வட்டமா வேணாம், கொஞ்சம் அமுங்கின வட்டம், ஓரம் மேடும் பள்ளமுமா. அல்ட்ராமரைன் புளூ, வயலட், அதோட துளியூண்டு பர்ன்ட் அம்பர் கலந்து நல்லா அடர்த்தியா அந்த வட்டம் முழுக்க நிரப்பிடுங்க. அது ஈரமா இருக்கும்போதே வெளிச்ச பக்கத்துல நடுத்தரமான நீலத்த பழைய தேஞ்சு போன பிரஷ்ஷால தட்டி தட்டி கலந்து விடுங்க, இழுக்க வேணாம், தட்டினா போதும். இப்ப ஒரு பூவும் இல்லாமயே உருண்டை தெரியணும். தெரியலன்னா இங்கயே நிறுத்தி சரி பண்ணுங்க, மேல பூவ போட்டு அத மறைச்சிடலாம்னு நினைக்காதீங்க, மறையாது.

நல்லா காஞ்சதும் நடுத்தர நீலத்துல பூ போட ஆரம்பிங்க, இப்பதான் கவனிக்கணும், உருண்டையோட நடுவுல இருக்கற பூ மட்டும்தான் நம்மள நேரா பாக்கும், அதுக்கு நாலு இதழும் முழுசா தெரியும். ஓரத்துக்கு போகப்போக பூ சாஞ்சிடும், இதழ் குறுகி ஒடுங்கின முட்டை வடிவமாயிடும், ரெண்டு இதழ் இல்ல மூணு இதழ்தான் தெரியும், சிலதுக்கு பாதி இதழ் பக்கத்து பூவுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும். நிழல் பக்கத்துல பூவே போட வேணாம், அடர்த்தியான கலர விட ஒரே ஒரு படி வெளுப்பான கலர்ல அங்கங்க இதழ் ஓரம் மட்டும் காட்டுங்க, மிச்சத்த பாக்கறவங்க கண்ணே நிரப்பிக்கும். கடைசியா வெளிச்ச பக்கத்துல மட்டும், விரல் விட்டு எண்ணுற அளவு பூவுக்கு ரொம்ப வெளுத்த நீலம். அந்த பூக்களுக்கு நடுவுல பின்னாடி இருக்கற கருநீலம் அங்கங்க எட்டிப் பாக்கணும். எல்லா இடைவெளியையும் அடைச்சிட்டீங்கன்னா மறுபடி தட்டையாயிடும்.

சைஸுக்கு ஒரு கணக்கு சொல்றேன், பூக்கொத்து 3 இன்ச் அகலம்னா ஒரு பூ அரை இன்ச் இருந்தா பொருத்தமா இருக்கும், ஓரத்து பூ அதவிட சின்னது. சரியா வருதான்னு பாக்க ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து அத கருப்பு வெள்ளையா மாத்தி பாருங்க. கலர் போனதுக்கு அப்புறமும் உருண்டை தெரிஞ்சா நீங்க பாஸ். உங்க ட்ரேயையும் அப்படி மாத்தி பாத்தேன், முழுக்க ஒரே சாம்பலா இருந்துச்சு, அதான் சிக்கல். ஆனா அத அழிக்க வேணாம்மா. நிழல் பக்கத்து பூக்கள் மேல தண்ணியா கரைச்ச வயலட்ட ஒரு கோட் பூசுங்க, அந்த பக்கம் அப்படியே பின்னாடி போயிடும், வெளிச்ச பக்கத்துல ஒரு ஏழெட்டு பூவ மட்டும் எடுத்து வெளுப்பாக்குங்க. காப்பாத்திடலாம்.

புளூவும் ரெட்டும் கலந்தா வயலட் வரும்னு ஸ்கூல்லயே படிச்சோமே, எனக்கு ஏன் அழுக்கு பிரவுனா வருது? கடைக்காரர் குடுத்த பெயிண்ட் டூப்ளிகேட்டா மேடம்? (மதுரை வாசகர்)

பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான் சார், நீங்க எழுதியிருக்க பேர பாத்தாலே காரணம் தெரியுது, வெர்மிலியனும் பிரஷ்யன் புளூவும். வெர்மிலியன் ஆரஞ்சு பக்கம் சாஞ்ச சிவப்பு, அதுக்குள்ள மஞ்சள் ஒளிஞ்சிருக்கு. பிரஷ்யன் புளூ பச்சை பக்கம் சாஞ்ச நீலம், அதுலயும் மஞ்சள் சாயல் இருக்கு. அப்ப நீங்க கலந்தது ரெண்டு கலர் இல்ல, சிவப்பு, நீலம், மஞ்சள் மூணும்தான், மூணும் சேந்தா பிரவுன் வராம என்ன செய்யும். ஹைட்ராஞ்சியாவுக்கு அல்ட்ராமரைன் புளூ வாங்குங்க, அது சிவப்பு பக்கம் சாஞ்ச நீலம், கூட கிரிம்சன் இல்லன்னா மெஜந்தா, ரெண்டும் சேந்தா சுத்தமான வயலட் வரும். இந்த அல்ட்ராமரைன் நமக்கு புதுசில்ல, வெள்ளை வேட்டி சட்டைக்கு அலசும்போது போடுவாங்களே அந்த காலத்து நீலப்பொடி, அதுல இருந்த நிறமி இதுதான். ஒரு காலத்துல லாப்பிஸ் லாஸுலின்னு விலை உசந்த கல்ல அரைச்சு எடுத்துட்டு இருந்தாங்க, 1820கள்ல ஃப்ரான்ஸ்ல செயற்கையா செய்ய வழி கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் துணிக்கு போடுற அளவுக்கு மலிவாச்சு.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: அல்ட்ராமரைன் புளூ, மெஜந்தா இல்லன்னா கிரிம்சன், டைட்டானியம் ஒயிட் பெரிய ட்யூபா, லெமன் எல்லோ, சாப் கிரீன், பர்ன்ட் அம்பர். கேமல், ஃபெவிக்ரில் ரெண்டு பிராண்டுலயும் பழகுறதுக்கு போதுமான கலர் கெடைக்குது. பெரிய செட் வாங்கி பாதிய காய விடறத விட இந்த ஆறையும் நல்லா கலக்க கத்துக்கறது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு, நிறைய பேர் கேட்டது, வெளுப்பு கலருக்கு ஒயிட் மட்டும் சேத்தா உயிரே இல்லாம போகுதுன்னு. ஆமா, ஒயிட் சேத்தா கலர் வெளுக்கறதோட குளிர்ந்தும் போகும், அதனால வெளிச்சம் படுற பூவுக்கு ஒயிட்டோட துளி மெஜந்தாவோ துளி லெமன் எல்லோவோ தொட்டுக்கங்க, பிரஷ் நுனில ஒட்டுற அளவுதான். ஒரே கொத்துல கூட ஒரே நீலம் வேணாம், ஒரு பக்கம் வயலட்டு, ஒரு பக்கம் லேசா பிங்க், இன்னும் சரியா விரியாத பூவுக்கு பச்சை கலந்த வெள்ளை, இப்படி மாறி மாறி இருக்கறதுதான் இந்த பூவோட அழகே. அப்புறம் அக்ரிலிக் காஞ்சா ஒரு படி அடர்த்தியாயிடும், ஈரமா இருக்கும்போது அதுல இருக்கற பசை பால் நிறத்துல இருக்கும், காஞ்சதும் கண்ணாடியா தெளிஞ்சிடும், அதான் காரணம். ஒரு துண்டு பேப்பர்ல தடவி காய வெச்சு பாத்துட்டு அப்புறம் ட்ரேல கை வைங்க.

எங்க வீட்டு தோட்டத்துல ஹைட்ராஞ்சியா இருக்கு. ஒரே செடில ஒரு பக்கம் நீலம், காம்பவுண்டு சுவர் பக்கம் பிங்க்கா பூக்குது. அப்படியே வரைஞ்சா பாக்கறவங்க தப்புன்னு சொல்வாங்களோ? (குன்னூர் வாசகி)

குடுத்து வெச்சவங்க நீங்க, நாங்கல்லாம் ஃபோட்டோ பாத்து வரையறோம், உங்களுக்கு வாசல்லயே மாடல் நிக்குது! தாராளமா அப்படியே வரைங்க, அது நூத்துக்கு நூறு உண்மை. இந்த பூவோட நீலமும் பிங்க்கும் ஒரே நிறமிதான், மண்ணுல இருக்கற அலுமினியத்த செடி எவ்வளவு உறிஞ்சுதுங்கறத பொறுத்து கலர் மாறும். புளிப்பு மண்ணுல, அதாவது புளிப்ப அளக்கற பிஹெச் எண் 5.5க்கு கீழ இருக்கற மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வேருக்கு கெடைக்கும், பூ நீலமாயிடும். சுண்ணாம்புத்தன்மை கூடுதலா இருந்தா அலுமினியம் மண்ணோட இறுகிடும், பூ பிங்க். நீலகிரி மண்ணு தேயிலைக்கு ஏத்த புளிப்பு மண்ணு, அதான் அங்க கண்ணுல படறதுல நிறைய நீலம். உங்க காம்பவுண்டு சுவர்ல இருந்து சிமெண்டு சுண்ணாம்பு மழைல கரைஞ்சு அந்த பக்கத்து வேருக்கு எறங்கியிருக்கும், அதான் அந்த பக்கம் மட்டும் பிங்க். லிட்மஸ் பேப்பர் புளிப்புல சிவப்பாகும், இந்த செடி நேர் தலைகீழ். வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணுலயும் நீலமாகாது.

இன்னொரு விஷயமும் உங்க செடிலயே பாத்துக்கலாம். நாம இதழ்னு சொல்றது நிஜத்துல இதழே இல்ல, புல்லி இதழ், பூவுக்கு அடில பச்சையா இருக்குமே அந்த பாகம்தான் இங்க பெருசாகி கலர் வந்து நிக்குது. நிஜப்பூ நடுவுல இருக்கற அந்த குட்டி மணிதான். அதனாலதான் அந்த நடுப்புள்ளிய மொட்டையா மஞ்சள்ல ஒரு பொட்டு வெச்சா பொருந்தறதில்ல, பக்கத்து இதழ் கலர விட கொஞ்சம் வெளுப்பாவோ அடர்த்தியாவோ, லேசா பச்சை தொட்டு, ஒரு சின்ன உருண்டையா வெச்சு அடில ஒரு மெல்லிய நிழல் கோடு போடுங்க. காலைல பனி காயறதுக்குள்ள ஒரு கொத்த பக்கவாட்டுல நின்னு உத்து பாருங்க, சாஞ்ச பூ எப்படி இருக்கும்னு மேல ஈரோட்டு தங்கச்சிக்கு நான் அவ்வளவு நீட்டி எழுதினது ஒரே பார்வைல புரிஞ்சிடும்.

பூவ சுத்தி கருப்பு அவுட்லைன் போடலாமா? (பெயர் போடாத வாசகி)

போடலாம், ஆனா அது வேற ஸ்டைல், நடுவழியில மாத்தக்கூடாது. ஜப்பான் ஓவியர் ஹொகுசாய் 1830கள்ல ஹைட்ராஞ்சியாவும் தகைவிலான் குருவியும் இருக்கற ஒரு மரக்கட்டை அச்சுப்படம் செஞ்சிருக்கார், அதுல குட்டிக் குட்டி பூவெல்லாம் மெல்லிய கோட்டுல தனித்தனியா நிக்கும், நிழல் வெளிச்சம்னு பெருசா எதுவும் இல்லாமயே கொத்து கொத்தா தெரியும். ஏன்னா கோடு அவ்வளவு மெலிசு, பூவும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு சாஞ்சு போகும். அந்த வழில போகணும்னா நிழல விட்டுட்டு கோட்ட மட்டும் நம்புங்க, ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுடும். கருப்புக்கு பதிலா கருநீலத்துல போட்டா இன்னும் நல்லாருக்கும், 0 நம்பர் பிரஷ் இல்லன்னா மெல்லிய கோடு போடுற லைனர் பிரஷ், பெயிண்ட் மை பதத்துக்கு தண்ணியா.

அக்கா, சென்னை வெயில்ல ஒரு இதழ் போடுறதுக்குள்ள பேலட்ல (கலர் கலக்கற தட்டு) பெயிண்ட் காஞ்சு பொருக்காயிடுது, ஃபேன ஆஃப் பண்ணா நான் காஞ்சிடுவேன், என்ன பண்றது? (காலேஜ் ஸ்டூடண்ட், சென்னை)

ஃபேன ஆஃப் பண்ண வேணாம் தம்பி, ஈரப் பேலட் செஞ்சுக்கங்க, காசே செலவில்ல. மூடி இறுக்கமா இருக்கற தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, அடில நாலஞ்சு மடிப்பு டிஷ்யூ பேப்பர் இல்ல சமையக்கட்டுல தொடைக்கற ஸ்பான்ஜ் துணி, நல்லா நனைச்சு, ஆனா தண்ணி தேங்காம. அது மேல கேக் வேக வைக்கற பட்டர் பேப்பர் ஒரு ஷீட் சுருக்கமில்லாம விரிங்க. பெயிண்ட அந்த பேப்பர் மேல பிதுக்குங்க. அடில இருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமா மேல வந்துகிட்டே இருக்கும், வேலை முடிஞ்சதும் மூடி போட்டு வெச்சா மறுநாளும் அப்படியே இருக்கும், அல்ட்ராமரைனும் மெஜந்தாவும் கலந்து வெச்ச அதே வயலட்ட மறுபடி கலந்து மேட்ச் பண்ற பாடே இல்ல. ரொம்ப நாள் மூடியே வெச்சா பூஞ்சை வாடை அடிக்கும், அப்ப பேப்பரையும் டிஷ்யூவையும் மாத்திடுங்க.

ட்ரே மேல காயறதுக்கு, கொத்து மொத்தமும் ஒரே நேரத்துல ஈரமா வெச்சுக்கணும்னு போராடாதீங்க. அடி உருண்டைய கலக்கும்போது மட்டும்தான் ஈரம் வேணும், அதுக்கு ரிடார்டர்னு ஒரு மீடியம் விக்குது, சில சொட்டு சேத்தா காயறது தாமசமாகும், பாட்டில்ல போட்டிருக்க அளவ மீறாதீங்க, மீறினா நாள் கணக்கா பிசுபிசுன்னு நிக்கும். பூ போடும்போது வெயில் உங்களுக்கு நல்லதுதான், அடி கோட் சட்டுனு காஞ்சு மேல கோட் கலங்காம உக்காரும். ஏசி ரூம்லயும் சீக்கிரம் காயும், அங்க காத்துல ஈரம் கம்மி. பிரஷ்ஷ மட்டும் காய விடாதீங்க, தண்ணி டம்ளர்ல தலைகீழா ஊறவும் போடாதீங்க, முடி வளைஞ்சு போனா மறுபடி நேராகாது, ஈரத்துணி மேல படுக்க வைங்க.

எந்த பிரஷ் வாங்கணும்? (பல பேர்)

நாலு போதும்: இதழுக்கு ஃபில்பர்ட் 4, அதோட நுனி ஏற்கனவே வளைஞ்சிருக்கறதால ஒரு அழுத்துல ஒரு இதழ் வந்துடும். இலைக்கு ஃப்ளாட் 8. லைனர் ஒண்ணு. தட்டறதுக்கு பழைய ரவுண்டு ஒண்ணு. சிந்தெடிக் முடியே வாங்குங்க, அக்ரிலிக்குக்கு அதுதான் தாங்கும்.

டெரகோட்டா தொட்டில வரைஞ்சு வார்னிஷும் அடிச்சேன், செடி வெச்சு ரெண்டே மாசத்துல ஹைட்ராஞ்சியா தோலா உரிஞ்சு வருது, வெள்ளை வெள்ளையா பூத்தும் இருக்கு. வார்னிஷ் சரியில்லையா? (திருச்சி வாசகி)

வார்னிஷ் மேல பழி வேணாம்மா, தண்ணி உள்ள இருந்து வந்திருக்கு. மண் தொட்டி மூச்சு விடும், செடிக்கு ஊத்தற தண்ணி சுவருக்குள்ள ஊறி வெளிப்பக்கம் ஆவியாகும், போற வழில மண்ணுல இருக்கற உப்பையும் இழுத்துட்டு வரும், அந்த வெள்ளை பூத்தது உப்புதான். வெளிய நீங்க அக்ரிலிக்னு ஒரு பிளாஸ்டிக் தோல் போட்டு மூடிட்டீங்க, தண்ணிக்கு போக வழியில்லாம அந்த தோலயே தள்ளிடுச்சு. வெளிய எத்தன கோட் வார்னிஷ் அடிச்சாலும் இது நிக்காது. அடுத்த தொட்டிய மொதல்ல கழுவி வெயில்ல ரெண்டு மூணு நாள் நல்லா காய வைங்க, உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் சீலர் ரெண்டு கோட், அடி ஓட்டைய சுத்தியும் விடாம, அப்புறம் வெளிய பெயிண்ட் நல்லா பிடிக்கறதுக்கு ப்ரைமர், அதுக்கப்புறம் பூ. இதவிட சுலபமானது, செடிய ஒரு பிளாஸ்டிக் தொட்டில வெச்சு அத இந்த வரைஞ்ச தொட்டிக்குள்ள எறக்கி வெச்சுடுங்க. செடிக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. எனக்கு கேட்டா ரெண்டாவது வழிதான், அவ்வளவு நேரம் போட்டு வரைஞ்சத தண்ணிக்கு குடுக்க மனசு வராது.

காட்டன் புடவை முந்தானைல இதே பூ வரையலாமா? (காரைக்குடி வாசகி)

தாராளமா. புடவைய மொதல்ல அலசி கஞ்சிய எடுத்துடுங்க, கஞ்சி இருந்தா பெயிண்ட் நூலுக்குள்ள எறங்காது. ஃப்ரேம்ல இழுத்து கட்டுங்க. சாதா அக்ரிலிக்னா, அத துணிக்கு ஏத்த மாதிரி ஆக்கற ஃபேப்ரிக் மீடியம் கலக்கணும், ஃபேப்ரிக் கலராவே வாங்கினா அது வேணாம். ட்ரேக்கு சொன்ன அடர்த்தி இங்க வேணாம், மெலிசா போடுங்க, தடியா போட்டா மடிப்புல வெடிக்கும். அடர் கலர் துணின்னா பூ வர்ற இடத்துல மட்டும் மொதல்ல ஒயிட் ஒரு கோட். ஒரு முழு நாள் காஞ்சதும் பின்பக்கமா அயர்ன் பண்ணுங்க, ஸ்டீம் வேணாம். இதழ்ல கொஞ்சம் கொஞ்சம் துணியோட கலரே தெரிய விட்டா முந்தானை ரொம்ப அம்சமா இருக்கும்.

இலை போட்டா பூ அமுங்கிடுது, இலையே வேணாமா? (கோயம்புத்தூர் வாசகி)

இலை வேணும், ஆனா கம்மியா. ஹைட்ராஞ்சியா இலை பெருசு, அகலம், ஓரத்துல ரம்பப்பல், காம்புல ஜோடி ஜோடியா எதிரெதிரா வரும். ஒரு கொத்துக்கு ரெண்டு மூணு இலை போதும், அதுல ஒண்ணு பாதி கொத்துக்கு அடில மறையணும். நீங்க டப்பால இருந்த பச்சைய அப்படியே எடுத்து போட்டிருக்கீங்க, அதான் இலை முன்னாடி வந்து நிக்குது. சாப் கிரீனோட கொஞ்சம் அல்ட்ராமரைன், துளி மெஜந்தா, இப்ப பச்சை அடங்கும், பூவோட கலரும் இலைக்குள்ள போனதால ரெண்டும் ஒட்டிக்கும். கொத்துக்கு நேர் அடில இலை மேல நிழல் விழணும், அத மட்டும் மறக்காதீங்க.

ட்ரே முடிச்சாச்சு, எப்ப வார்னிஷ் அடிக்கலாம், டீ டம்ளர் வைக்கலாமா? (சேலம் வாசகர்)

தொட்டா காஞ்சிருக்குன்னு அவசரப்படாதீங்க சார், மேல காஞ்சாலும் உள்ள ஈரம் இருக்கும், மெலிசா போட்டதுக்கு ரெண்டு மூணு நாளாவது விடுங்க, மழைக்காலம்னா இன்னும் கூட. தண்ணில கரையற அக்ரிலிக் வார்னிஷ், அகலமான மெத்து பிரஷ், மெலிசா ரெண்டு மூணு கோட், ஒவ்வொண்ணும் காஞ்சதுக்கு அப்புறம் அடுத்தது, முதல் கோட்ட முன்னும் பின்னும் தேய்க்காதீங்க. பாட்டில வேகமா குலுக்கினா நுரை வந்து குமிழா நிக்கும், மெதுவா கலக்குங்க. வார்னிஷ் அடிச்சதும் கருநீலமெல்லாம் ஆழமாகும், பயப்பட வேணாம், அதுதான் சரியான கலர்.

டீ டம்ளர கோஸ்டர் மேல வைங்க, அக்ரிலிக் சூட்டுல இளகும், கொதிக்கற டம்ளர நேரா வெச்சா வட்டமா தடம் விழும். பலகாரத்த தட்டுல வெச்சு ட்ரேல வைங்க, நேரா வைக்க வேணாம். வித்து குடுக்கற ஐடியா இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அப்ப ட்ரேய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும்போது நடுவுல பட்டர் பேப்பர் போடுங்க, வெயில் காலத்துல பெயிண்டும் பெயிண்டும் ஒட்டிகிச்சுன்னா பிரிக்கும்போது பூவோடதான் வரும்.